பாறைக்குப் போய்ச் சேர்ந்த முத்தம்

அனுப்புநர்
திருமதி எலோய்சா மொன்தானியோ,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
காற்றாலைச் சாலை, பியேத்ரா ஓந்தா,
தெற்கு அரிசோனா.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
சான் பார்தோலோ குகை மற்றும் பாலைவனப் பூங்கா,
பியேத்ரா ஓந்தா.

பொருள்: குகைத் தூணை உதட்டால் தொட்டதற்காக எனக்கு விதிக்கப்பட்ட ஓராண்டு நுழைவுத் தடையை, ஏப்ரலில் வௌவால்கள் வருவதற்குள் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் தடைக் கடிதம். 2. என் முதல் மனுவுக்கு, 'சம்பவத்தின்போது கணவர் எங்கே நின்றார் என்பதற்கு விளக்கம் தேவை' என்று வந்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கணவர் எங்கே நின்றார் என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. நடந்தது நடந்தபடி கீழே:

1. நான் தங்கள் குகைக்குப் பகையாளி அல்ல. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை வருஷா வருஷம் பேருந்தில் ஏற்றி அங்கே அழைத்து வந்தவள் நான். என் பேருந்தில் வந்த எந்தப் பிள்ளையும் ஒரு பாறையைச் சுரண்டியது கிடையாது. ஒருத்தி மட்டும் பல்லியை வாயில் போட்டுக்கொண்டாள். அது வெளியே, பாலைவனத்தில் நடந்தது. பல்லியும் உயிரோடுதான் வெளியே வந்தது.

2. தூணை நான் தொட்டது உண்மை. உதட்டால் தொட்டதும் உண்மை. இரண்டு தடவை என்பதும் உண்மை. ஆனால் தடைக் கடிதத்தில் 'வேண்டுமென்றே, மீண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. வேண்டுமென்றேதான் கொடுத்தேன், ஆனால் தூணுக்கு அல்ல.

3. அன்று காலை நானும் என் கணவர் ஃபெர்மினும் குகைக்குள் போகும் முறை வரும்வரை மேலே பாலைவனப் பாதையில் நடந்தோம். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை இருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுப் பம்புகளைச் சரிபார்த்த மனிதருக்குப் பலகை எதற்கு? இறங்கினார். உரசினாலே தாவி ஒட்டிக்கொள்ளும் தாவுகள்ளி அவர் கால்சட்டையின் பின்பக்கத்தில் பிடித்துக்கொண்டது. அந்த முள் கையால் வராது என்பதும், சீப்பால்தான் எடுக்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியும். வண்டி நிறுத்துமிடத்தில், வண்டியின்மேல் அவரைக் குனிய வைத்து எடுத்தேன். அப்போது நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு பேருந்து நிறைய முதியவர்கள் இறங்கி வேடிக்கை பார்த்ததற்கு நான் பொறுப்பில்லை. யாரோ கைதட்டியதற்கும் பொறுப்பில்லை.

4. வெளி இடத்தில் என் கையைக்கூடப் பிடிக்கக் கூச்சப்படுகிறவர் ஃபெர்மின். கல்யாணத்தன்று பாதிரியார் முத்தத்துக்கு அனுமதி கொடுத்த பிறகும், சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நெற்றியில்தான் கொடுத்தார். அப்படிப்பட்டவரை ஊரார் முன்னால் குனிய வைத்தால் என்ன ஆகும்? குகை வாசலில் என்னைவிட்டு நான்கு ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நான் யாரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

5. பை கூடாது, தண்ணீர் கூடாது, மெல்லும் மிட்டாய் கூடாது, குழந்தை வண்டி கூடாது என்று வழிகாட்டி திருமதி மார்வா டில்மன் வாசலில் பட்டியல் படித்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்தப் பட்டியலில் உதட்டுச்சாயம் இல்லை. தயவுசெய்து சரிபார்க்கவும். உடம்புத் தூசி உள்ளே போகாதிருக்கத் தெளிக்கும் நீர்த்தூவலில் நனைந்து, இரும்புக் கதவுகளைத் தாண்டி உள்ளே போனோம். கூரையிலிருந்து சொட்டும் நீர் நம்மேல் விழுந்தால் அதற்குக் குகை முத்தம் என்று பெயர், அது பெரிய அதிர்ஷ்டம் என்றார் திருமதி டில்மன். எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். ஐயா, குகை எனக்கு முத்தம் கொடுத்தால் அதிர்ஷ்டம். நான் குகைக்குக் கொடுத்தால் தடை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள்.

6. வௌவால் அறையில், முழு இருட்டு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு நிமிடம் எல்லா விளக்கையும் அணைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஃபெர்மினோடு சமாதானமாக இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. அணைப்பதற்கு முன்பே இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டேன்: என் இடப்பக்கம் பச்சைத் தொப்பி போட்ட நெப்ராஸ்காக்காரர், அவருக்கு அப்பால் கைப்பிடிக் கம்பி வளையும் இடத்தில் ஃபெர்மின். விளக்கு அணைந்தது. கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். வளைவு வந்தது. அங்கே நின்றது அவர் உயரத்திலேயே இருந்தது. கொடுத்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. பாவம், குளிரில் நின்று நின்று இப்படி ஆகிவிட்டார் என்று இரக்கப்பட்டு இன்னொன்றும் கொடுத்தேன். கடிதத்தில் உள்ள 'மீண்டும்' என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான்.

7. விளக்கு வந்ததும் என் மூக்குக்கு நேரே அந்தத் தூணும், அதில் செக்கச்செவேலென்று இரண்டு தடமும். அதே நேரத்தில் எனக்குப் பின்னால் பச்சைத் தொப்பிக்காரர் கையைத் தூக்கி, குகை தனக்கு முத்தம் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். அவர் பெயர் ஆர்வில் ஸ்டென்சல். திருமதி டில்மன் அவரை வாழ்த்தினார். கூட்டமே கைதட்டியது. பிறகு திருமதி டில்மனின் பார்வை தூண்மேல் விழுந்தது. எனக்கு யாரும் கைதட்டவில்லை. தூணுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டினார்கள்; என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். ஃபெர்மின் நான் முதலில் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காதுவரை சிவந்திருந்தது. என்னால் தலைகுனிவு என்று நினைத்துக்கொண்டேன்.

8. திரும்பும் வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அங்கே கேட்டதற்கு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக "குகை" என்று மட்டும் சொன்னார். சாவடி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"எலோ, அந்த நெப்ராஸ்காக்காரருக்குக் கொடுத்தது குகை இல்ல. நான்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உன்னத் தேடித்தான் வந்தேன். காலையில மூஞ்சியத் திருப்பிக்கிட்டது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. யாரும் பாக்கப்போறதில்லன்னு பின்னால சுத்திக்கிட்டு வந்தேன். நீ நின்ன இடத்துல அந்த ஆளு வந்து நின்னா நான் என்ன பண்றது?"

"கன்னம் சொரசொரன்னு இருந்திருக்குமே. தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. சரி, இவளுக்கும் வயசாகுதுன்னு நெனச்சேன்."



9. தாங்கள் கேட்ட விளக்கம் இதுவே. அவர் நின்றது என் இடத்தில். நான் நின்றது அவர் இடத்தில். நடுவில் இருந்தவர்கள் ஒரு தூணும் ஒரு நெப்ராஸ்காக்காரரும்.

10. முத்தம் வேண்டுமென்றால் வீட்டில் இருட்டு இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்த இருட்டில் அவர் பேஸ்பால் பார்த்தபடி நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். நான் கேட்பது இருட்டை அல்ல ஐயா. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் நாலு பேர் இருக்கும் இடத்தில், யாரும் சொல்லாமல், அவராக என்னைத் தேடி வந்தது அந்த ஒரு நிமிடத்தில்தான். அதுவும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அது என்னுடையது. எனக்கு வேண்டும்.

11. எங்கள் திருமண நாள் இந்த வருஷம் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறன்று வருகிறது. அதற்கு அடுத்த வாரம் வௌவால்கள் பிள்ளை பெற வந்துவிடும். அறையை இலையுதிர் காலம்வரை மூடிவிடுவீர்கள். மெக்சிகோவிலிருந்து பறந்து வரும் அவற்றை எந்தச் சாவடியிலும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை, அறையையே ஒழித்துக் கொடுக்கிறீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகள், நன்றாக இருக்கட்டும். அவற்றின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கணவருக்குத் தடை இல்லை என்பதையும் கவனித்தேன். அவர் திரு. ஸ்டென்சலோடு தாராளமாகப் போகலாம் போலிருக்கிறது.

12. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) அந்த ஞாயிறு ஒரு நாளைக்காவது தடையை நீக்க வேண்டும். உதட்டுச்சாயம் பூசாமல் வருகிறேன். வேண்டுமானால் வாசலில் சோதித்துக்கொள்ளலாம்.

ஆ) விளக்கை அணைக்கும் முன், யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் திருமதி டில்மன் சரிபார்க்க வேண்டும். அணைத்த பிறகு நான் அசைய மாட்டேன். வருகிறவர் வரட்டும்.

இ) தூணில் இருந்த தடத்தைத் துடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், நன்றி. ஆனால் இந்தக் கதையை இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் வழிகாட்டிகள் சொல்கிறார்களாம். சொல்லட்டும். 'ஒரு மூதாட்டி' என்று சொல்வதை மட்டும் நிறுத்த வேண்டும். 'ஒரு பெண்மணி' என்றால் போதும்.

ஈ) இம்மனுவின் நகலைத் திரு. ஸ்டென்சலுக்கு அனுப்ப வேண்டாம். குகையின் முத்தம் தான் நினைத்ததைவிட வெதுவெதுப்பாகவும், கொஞ்சம் மீசையோடும் இருந்ததாக அவர் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சந்தோஷமாக ஊர் போய்ச் சேர்ந்த மனிதர். அப்படியே இருக்கட்டும்.

நல்ல பதிலைத் தபாலில் எதிர்பார்க்கும்,

எலோய்சா மொன்தானியோ

இடம்: பியேத்ரா ஓந்தா
நாள்: மார்ச் 19

கணவரின் கையொப்பம்: (இந்த இடம் காலி. மனுவை இரண்டு தடவை படித்தார். எட்டாம் பத்தியில் வயதைப் பற்றித் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார், சொன்னார். கையெழுத்து மட்டும் போட மாட்டாராம். ஆனால் உறையை ஒட்டுவது தன் வேலை என்று, நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.)