கேட்டால் சொல்ல வேண்டிய பெயர்

கலையரசி அப்பாவுக்கு,

பதற வேண்டாம். நாளைக்குக் காப்பீட்டு அட்டை முகாமுக்கு ரேஷன் கார்டை எடுக்கலாம் என்று பரணில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். அது தலையில் விழுந்துவிட்டது. ரத்தம் இல்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். உங்கள் போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களே, அதனால் எழுதுகிறேன்.

தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் முதலில் காப்பீட்டு அட்டையைக் கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் இன்றைக்கு என்ன கிழமை என்றாள், சொன்னேன். வீட்டுக்காரர் பேர் என்ன என்றாள். உங்கள் பேரை நான் எப்படிச் சொல்ல? பேசாமல் இருந்தேன்.

"மறதி வந்துட்டு. மூளை அதிர்ந்திருக்கும்போல. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கக்கா, அங்கன ஸ்கேனுக்குக் காசு கேக்க மாட்டாங்க" என்று அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் மதினி கூட வருகிறாள். ஆட்டோ வாசலில் நிற்கிறது.

சோறு வடித்துவிட்டேன். புளிக்குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டர் அடுப்படியில் இருக்கிறது.

"நமக்கென்ன சீக்கு வந்துட்டு, அட்டை எடுக்க?" என்று நீங்கள் கத்தியதிலிருந்து மூன்று நாளாக நாம் பேசவில்லை. இதுவும் பேச்சில் சேராது.

பெட்டி விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. ரேஷன் கார்டு அதற்குள் அடியில் இருக்கும். முகாமுக்கு நீங்களே போங்கள்.

இன்னொன்று. பெரியாஸ்பத்திரியிலும் பேரைக் கேட்பார்கள். அங்கேயும் வாய் திறக்காவிட்டால் தலையைத் திறந்தே பார்த்துவிடுவார்கள். சொல்லிப் பழக்கமில்லை, அதனால் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிச்சைக்கண்ணு.