என் கதையைப் படித்த குற்றத்துக்காக

1803 மார்ச் 7, திங்கள்

ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது. வகுப்பில் பெண்கள் வரைந்த நிலப்படத்தில் ஓஹியோ முழுவதும் ஒரே மை. யார் கொட்டினார்கள் என்று கேட்டேன். எல்லாரும் தேவதைகளாகிவிட்டார்கள்.

மார்ச் 9

என் மாணவி டார்கஸின் தலையணைக்கடியில் ஒரு நாவல். என் நாவல்!

அட்டையில் ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெண்மணி நான்தான் என்று இந்த ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பட்டாளத்துக்காரனை நம்பி ஓடிப்போய், பிள்ளை பெற்றுச் சாகிற பெண்ணின் கதை. நான் கண்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்திருப்பேன். கண்டுபிடித்தவள் போதகரின் மனைவி மிஸஸ் ஹேஸ்கெல். ஏழைகளுக்குக் கொடுக்கப் பழைய போர்வை சேகரிக்க, பெண்கள் தூங்கும் மாடிக்குப் போனவள்.

நாவல் படித்தால் பள்ளியிலிருந்து நீக்கம். அந்த விதியை எழுதியவளும் நானே. எழுதாவிட்டால் போதகர் இங்கே ஒரு பெண்ணைக்கூடச் சேரவிட்டிருக்க மாட்டார்.

மார்ச் 10

டார்கஸ் அழவில்லை. “என்னை அனுப்பிட்டா அந்தக் கிடங்குக்காரருக்குக் கட்டி வச்சிடுவாங்க, டீச்சரம்மா” என்றாள். கிடங்குக்காரருக்கு அவள் அப்பா வயசு.

மார்ச் 11

தூக்கமில்லை. சொல்லலாமா? சொன்னால் பள்ளி போச்சு. அண்ணன் வீட்டில் அண்ணி முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடணும். சொல்லாவிட்டால் — அந்தப் பெண்?

மார்ச் 12, சனி

சொல்லிவிட்டேன்.

போதகரும் பெண்களின் அப்பாக்களும் கூடியிருந்தார்கள். டார்கஸை அனுப்பிவிடுவதென்று முடிவாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. அவள் அப்பா தலையைத் தூக்கவேயில்லை. அப்போது ஒருவர், இந்தக் கண்றாவியை எழுதினவள் எப்பேர்ப்பட்ட கழுதையோ என்றார். எனக்குச் சுருக்கென்றது.

“நான்தான் எழுதினேன். படிச்சதுக்கு அவளை அனுப்பினா, எழுதினதுக்கு என்னை என்ன செய்வீங்க?”

போதகர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னடி பண்ணித் தொலைச்சே!

மார்ச் 14

காலையிலிருந்து வண்டிகள். மாடியிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன, பெண்கள் போகிறார்கள். மதியம் மூன்றே பேருக்கு இலக்கணம் நடத்தினேன். பயமாக இருக்கிறது. நான் செய்தது சரியா? யாரைக் கேட்பது?

மார்ச் 15

டார்கஸை அழைத்துப்போக அவள் அம்மா வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அது என் தையல் கூடையில இருந்த புத்தகம். நான் பாதிதான் படிச்சிருந்தேன், அதுக்குள்ள இவ தூக்கிட்டு வந்துட்டா. அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

செத்துப்போகிறாள் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“ஏன் சாகடிச்சீங்க? அவளை ஏமாத்தினவன் நல்லாத்தானே இருக்கான்?”

அப்படி முடிக்காவிட்டால் அச்சிட ஆள் கிடைக்காது என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பெட்டியை மறுபடி மாடிக்கு ஏற்றச் சொன்னாள். வீட்டுக்காரரிடம் தானே பேசிக்கொள்வாளாம். கிடங்குக்காரர் காத்திருக்கட்டுமாம்.

ஏப்ரல் 6, புதன்

பாதிப் பெண்கள் திரும்பிவிட்டார்கள்; அம்மாக்களே கொண்டுவந்து விட்டார்கள். மற்றவர்கள் வருவார்களா, தெரியவில்லை.

சாயங்காலம் சில அம்மாக்கள் அடுக்களை வழியாக வந்தார்கள், தைக்கத் துணியோடு. புதுக் கதையின் முதல் அத்தியாயத்தைப் படித்துக்காட்டினேன். பாதியில் கதவு திறந்தது. மிஸஸ் ஹேஸ்கெல். தாள்களைத் துணிக்கடியில் தள்ளினேன். அவள் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அவர் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கார்” என்றாள். “முதல்லேருந்து படிங்க.”