எலிகள் மாறிவிட்டன

செகெட்,
மார்ச் 6

அன்புள்ள அம்ப்ருஷுக்கு,

நலம்தானே? பாசெலில் இன்னும் குளிர் விட்டிருக்காது. எண் போடாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. உனக்குத் தரவிருக்கும் பதக்கத்தை எதிர்த்து நான் அனுப்பிய மனு.
2. அந்தச் சோதனையை முதலில் செய்தவன் நான் என்பது.
3. என் முடிவை நோட்டில் அடித்துப் போட்டவன் நீ என்பது.
4. உன்னிடம் நான் எதிர்பார்ப்பது.

முதலாவது. பதக்கக் குழுவுக்கு நேற்று பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். ஆட்சேபம் தெரிவிக்க நேற்றுதான் கடைசி நாள். பதினெட்டாம் தேதி பிரித்துப் படிப்பார்கள். உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று இதை எழுதுகிறேன். செய்து முடித்துவிட்டுச் சொல்வது எந்த ஊர் நேர்மை என்று நீ கேட்பாய்.

இரண்டாவது. 1974ஆம் ஆண்டு. மணி அடித்தால் காலில் மின்சாரம் பாயும் என்று கற்றுக்கொண்ட எலிகள், மணிச் சத்தம் கேட்டதுமே உறைந்து நிற்கும். மூளையில் புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைப் பத்து நாள் கழித்துச் சும்மா கொடுத்தால் அந்தப் பயம் போவதில்லை. நினைவு ஒருமுறை கெட்டிப்பட்டால் பிறகு அசையாது என்றுதான் நம் பாடப்புத்தகமும் சொன்னது. நான் மருந்துக்கு முன்பு ஒரே ஒரு முறை மணியடித்தேன். மறுநாள் அதே மணிச் சத்தத்துக்கு எலிகள் சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தன. வெளியே எடுத்த நினைவு இளகிவிடுகிறது. திரும்ப இறுகுவதற்குள் அதற்கு எதுவும் நேரலாம். பல ஆண்டுகள் கழித்து நீ வெளிநாட்டில் செய்து காட்டியதும் இதைத்தான். பதக்கமும் இதற்குத்தான்.

மூன்றாவது. அன்று காலை நோட்டைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னிலையிலும் கேட்டாய்: "என்னடா வில்மோஷ், வாலை மாத்திப் படிச்சிட்டியா? மறதி எலிக்கா, உனக்கா?" வாலில் மையால் போட்ட கோடுகளை வைத்துத்தானே எலிகளை அடையாளம் காண்போம், பத்து நாளில் மங்கிப்போகும். கூண்டு கழுவும் போரி அக்கா விடவில்லை. "அந்தக் கோட்ட முந்தாநேத்துதான் நான் புதுசாப் போட்டேன். எண்ணத் தெரியாத வாத்தியாருங்க என் கையக் குத்தம் சொல்லாதீங்க" என்றாள். இன்னும் சிரித்தார்கள். நீ என் பேனாவை வாங்கி, முடிவின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, "எலிகள் மாறிவிட்டன" என்று எழுதினாய்.

அதன்பின் முப்பத்தொரு ஆண்டுகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தேன். உன் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் இந்தக் கதையை என் மனைவி இரேனிடம் சொல்வேன். "வாயையும் பார்மலின் புட்டில போட்டு மூடி வச்சிருக்கியாய்யா? போய்க் கேளேன்!" என்பாள். நான் கேட்கவில்லை. அவள் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடைசிக் காலத்தில் அவளே இதை என்னைவிட நன்றாகச் சொல்வாள், நீ போட்டிருந்த ஸ்வெட்டரின் நிறம் உட்பட.

நான்காவது. பதக்கம் வாங்கும்போது நீ பேசுவாய். அதில் என் பெயர் ஒரு முறை வர வேண்டும். வருவதாக எழுதித் தந்தால் மனுவைத் திரும்பப் பெறுவேன். சான்றுக்கு அந்தப் பக்கத்தின் நகலை ஆவணக் காப்பகத்தில் கேட்டிருக்கிறேன்; வந்ததும் இதோடு இணைக்கிறேன்.

மார்ச் 9

நகல் நேற்று வந்தது. காப்பகத்துப் பெண் அதற்கு முன் தொலைபேசியில், "அம்பது வருசமா யாரும் தொடாத நோட்டு சார், தும்மித் தும்மி மூக்கே கழண்டுபோச்சு" என்றாள்.

எழுதியதை அடிப்பவர் நேரமும் பெயரின் முதலெழுத்தும் போட வேண்டும் என்பது நம் ஆய்வக விதி. அடித்த கோட்டின் ஓரத்தில் "7.50, வி." என்று இருக்கிறது. நீ பத்து மணிக்கு முன் வந்ததே இல்லை. "எலிகள் மாறிவிட்டன" என்பதும் என் கையெழுத்துதான். அன்று எட்டரைக்கு ஆய்வக இயக்குநர் நோட்டுகளைப் பார்வையிட வந்தார். அவர் ஒப்பமும் நேரமும் பக்கத்தின் மூலையில் இருக்கின்றன. நினைவு அசையாது என்று சொன்ன அந்தப் பாடப்புத்தகத்தை எழுதியவர் அவர்.

கீழே பென்சிலில், உன் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: "ஏன் அடித்தாய்? வால் கோடு சரி என்று போரி சொல்கிறாள். திரும்பச் செய்து பார்." அதற்குப் பிறகு அந்த நோட்டில் எல்லாப் பக்கங்களும் காலி.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. நீ அடிக்கவில்லை. நீ கேலி செய்தபோது கோடு ஏற்கெனவே இருந்திருக்கிறது. உன் கை என் பேனாவை வாங்கியது எனக்கு இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மனுவைத் திரும்பக் கேட்க நேற்றும் இன்றும் குழு அலுவலகத்துக்குப் போனேன். இன்று வாசலில் காவலாளி, "யாரப் பாக்கணும் பெரியவரே?" என்றான். முகவரி தப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பதினெட்டாம் தேதிக்குள் நீயே அவர்களைக் கூப்பிடு. கிழவனுக்கு நினைவு தப்பிவிட்டது என்று சொல். அவர்கள் என்னிடம் விசாரித்தால் மறுக்க மாட்டேன். நீ நன்றாக இருந்து, வந்து பதக்கத்தை வாங்கிக்கொள்.

உன்
வில்மோஷ்