'வழங்கும்' என்று நான் எழுதவில்லை

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நம் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு நிலப் பத்திரம், அதுதான் காணி உறுதி, வந்துவிட்டது. நீ இறந்து பதினொரு மாதத்துக்குப் பிறகு, தம்பியின் பெயரில். கூடவே இன்னொரு செய்தி: ஒரு சொல்லுக்காக நான் வேலையிடத்தில் சண்டை போட்டேன்.

அத்தனை வருசம் நாடற்றவளாக வைத்திருந்துவிட்டு, கம்பளையில் உனக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? மேடையில் இருந்த அதிகாரி, அரசாங்கம் உரிமை வழங்கியிருக்கிறது, நன்றி சொல்லுங்கள் என்றார். நீ நீட்டிய கையை மடக்காமலே கேட்டாய்.

"மண்சரிவு நேரம் அரிசி குடுத்தீங்க, நன்றி சொன்னேன். நான் இங்கதாங்க பொறந்தேன். இத யாரு எனக்கு வழங்குறது?"

அவர் உன் பத்திரத்தை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். கடைசி ஆள் போகும்வரை நின்றாய். திரும்பும் பஸ்ஸில், வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாமே என்று உன்னைத் திட்டினேன். வெட்கப்பட்டவள் நான்தான், நீ இல்லை. அது ஏன் அன்றைக்கே எனக்குப் புரியவில்லை?

இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் நான். போன மாதம் காணி உறுதி விழாவின் அழைப்பிதழ் தமிழாக்கத்துக்காக என் மேசைக்கு வந்தது. வழக்கமாக 'வழங்கும் விழா' என்றுதான் போடுவார்கள். நிவாரணத்துக்கும் வழங்கல், பட்டத்துக்கும் வழங்கல், ஐந்து தலைமுறை உழைத்த மண்ணுக்கும் அதே வழங்கலா? யாரும் கொடுக்காமலே வழங்குகிறவையும் உண்டே, அம்மா. எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு பெயர் நம் லயத்து வீடுகள் வரிசையாக நிற்கும் மேட்டுக்கு வழங்குகிறது. அதற்கு யாருக்கு நன்றி சொன்னோம்?

'கையளிக்கும் விழா' என்று எழுதினேன். உரியவரிடம் ஒப்படைப்பது, அவ்வளவுதான். என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். படித்துவிட்டுத் தயங்கினார்.

"மேல இருக்கிறவை கேப்பினம், பிள்ளை. வழங்கும் எண்டே போடுங்கோ."

"போட மாட்டேன் சேர். அம்மா இருந்தா என்னைய வீட்டுப்படி ஏற விடாது."

வேறொருவரைக் கொண்டு மாற்றி அச்சடித்தார்கள். என்னைப் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு அனுப்பினார்கள். தம்பி மேடை ஏறவில்லை. மறுநாள் கந்தோருக்குப் போய், அலுவலர் முன் கையெழுத்துப் போட்டு உறுதியை வாங்கி வந்தான்.

ஜன்னல் இல்லாத அறை, அம்மா. இருக்கட்டும். இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. என்றாவது திரும்பக் கூப்பிடுவார்கள். போவேன். அப்போதும், நமக்கு உரிய எதையும் பிச்சையாக்கும் ஒரு வரி என் பேனாவிலிருந்து வராது. இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் போலவே அடங்காத
உன் மூத்த மகள்