கொவாண்டா விட்ட ஒரே ஹிட்

ஜூன் 3, 2008

காலையில் மழை. தெற்குச் சாலைப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. அதை மூட மூன்று வருடமாக நேரம் கிடைக்காத நகரசபைக்கு, ட்வெய்ன் கொவாண்டாவைக் கௌரவிக்க மட்டும் நேரம் கிடைத்துவிட்டது. மேயர் ஜனெல் போன் செய்தாள். 1968 ஜூலையில் அவன் பந்து வீசிய பேஸ்பால் இறுதி ஆட்டத்தை 'ஒரு ஹிட் கூட விடாத ஆட்டம்' என்று தீர்மானம் போட்டு அறிவித்து, ஊர் எல்லையில் பலகை வைக்கப்போகிறார்களாம்.

"ஒரு ஹிட் விட்டானேம்மா?"

"அது நீங்க எழுதினதுதானே, மிஸ்டர் டெசார். பார்த்தவங்க எல்லாரும் எரர்னுதான் சொல்றாங்க."

நான் எழுதினதுதான். அன்று ஸ்கோரர் நான். கடைசி இன்னிங்ஸ். பந்து ராயின் கையுறையில் பட்டு உருண்டது. பிடிக்கவேண்டிய பந்தை விட்டால் எரர், பழி விட்டவனுக்கு. பிடிக்கவே முடியாத பந்து என்றால் ஹிட், அது பந்து வீசியவன் கணக்கில். எது என்று முடிவு செய்வது ஸ்கோரர் ஒருவன்தான். ராய் என் மனைவி லோர்னாவின் தம்பி.

ஜூன் 5

அரசாங்கத்தின் வேலை சாலை போடுவது, குடிநீர் விடுவது, குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவது. நடந்து முடிந்ததைக் கைதூக்கி மாற்றுவது அல்ல. இன்றைக்கு ஒரு ஹிட்டை அழிக்கிற சபை நாளைக்கு எதை அழிக்கும்? பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிப்பது பார்த்தவன் வேலை. கைதட்டு, தொப்பியைக் கழற்று, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல். போதும். குழு என்று ஒன்று உட்கார்ந்துவிட்டால், யார் யாருக்கு வேண்டியவன் என்பதில்தான் போய் முடியும்.

ஜூன் 8

பதினேழாம் தேதி கூட்டம். எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 11

காபிக் கடையில் ட்வெய்ன். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டேய் மெர்ல், நாப்பது வருஷத்துல இதப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பவும் கேக்கல. ஆனா அவங்களாக் குடுக்கறத நீ ஏண்டா பிடுங்கற?"

சபையின் வரம்பைப் பற்றி விளக்கினேன். பாதியிலேயே எழுந்துவிட்டான். "சரிதான் போ. உன் கொள்கையக் கொலாச்சி பன்னுக்குள்ள வெச்சுத் தின்னு."

கடையே சிரித்தது. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜூன் 12

லோர்னாவிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"அரசாங்கம் சின்னதா இருக்கணும், சரி. அன்னைக்கு அந்த ஸ்கோர் மேசையில உக்காந்திருந்த அரசாங்கம் எவ்வளவு பெருசு?"

"என்ன சொல்ற?"

"ஒரே ஆளு. எதிர்த்துக் கேக்க நாதியில்ல. அதுலயும் சொந்த மச்சினன் விவகாரம்."

மாடிக்குப் போய் அந்தப் பழைய ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் மட்டும் காகிதம் நைந்திருக்கிறது. முதலில் எரர் என்றுதான் எழுதினேன். தலையைத் தூக்கினேன். ராய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயது. திங்கட்கிழமை ராணுவத்துக்குப் பஸ் ஏறவேண்டும், வியட்நாம். ஊர் அவனைப் பார்ப்பது இதுதான் கடைசியோ, என்னவோ — ரப்பரை எடுத்து அழித்தேன். ஹிட் என்று எழுதினேன்.

ராய் திரும்பி வந்தான். முப்பது வருடம் டிராக்டர் விற்றான். போன வருடம்தான் இறந்தான். அழித்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. லோர்னாவுக்கு எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை.

என்ன பெரிய கொள்கைக்காரன் நான்.

ஜூன் 15

புத்தகத்தோடு ட்வெய்ன் வீட்டுக்குப் போனேன். வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு, அழித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"எரர்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினான். திட்டியிருந்தால் தேவலை.

"செவ்வாய்க்கிழமை சபையில எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன் ட்வெய்ன். தீர்மானம் எதுக்கு? தப்புப் பண்ணவன் நான், நானே திருத்தறேன்."

"லோர்னா வருவாளா?"

"வருவா."

மறுபடி கம்பியை இழுக்கத் தொடங்கிவிட்டான். வந்துவிட்டேன்.

ஜூன் 17

என் பெயரைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எழுவதற்குள், பின்வரிசையிலிருந்து ட்வெய்ன் எழுந்துவிட்டான்.

"அது ஹிட்டும்மா, ஜனெல். பந்து போட்டவன் நான், எனக்குத் தெரியாதா? அந்த வேகத்துக்கு ராய் அதத் தொட்டதே பெருசு. விட்டுடுங்க."

சொல்லும்போது லோர்னாவைப் பார்த்துத்தான் சொன்னான். ஜனெல் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றாள். அடுத்தது தெற்குச் சாலைப் பள்ளம்.

பொய். சுத்தமான பொய். நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? லோர்னா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராய் இறந்தபோதுகூட அவள் நாலு பேர் முன்னால் அழவில்லை. ட்வெய்னாகக் கொடுத்ததை நான் ஏன் பிடுங்கவேண்டும்? உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 18

புத்தகத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. ஹிட் ஹிட்டாகவே இருக்கிறது.

ஜூலை 20

ஞாயிறு. நல்ல வெயில். ஊர் அணியின் ஆட்டத்துக்கு நான்தான் ஸ்கோரர். மூன்றாவது இன்னிங்ஸில் ட்வெய்ன் வந்தான், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, இடம் தேடிக்கொண்டு. நான் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றினேன்.

"எதுக்குடா இது? உக்காரு, வெயில் அடிக்குது."

உட்காரவில்லை. லோர்னா எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஜனெலும்தான். பாதிப் பேருக்கு எதற்கு என்றே தெரிந்திருக்காது. மைதானத்தில் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். யாரும் தீர்மானம் எதுவும் போடவில்லை. ட்வெய்ன் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

ஸ்கோர் புத்தகத்தில் இதற்குக் கட்டம் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.