சுட்டது என் துப்பாக்கிதான்

அயோவா
1990 அக்டோபர் 3

அன்புள்ள அண்ணா,

நலமா? உன் கடிதம் வந்தபோது நான் கடையின் பின்பக்கம் தீவன மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். வயோமிங் போனதிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர எதுவும் அனுப்பாதவன் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். முக்கால்வாசியும் துப்பாக்கிக் குழல். என்னைப் பற்றி ஒரே வரி. பரவாயில்லை, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டேன்.

டிசம்பர் மான் வேட்டைக்கு நீ வருகிறாய் என்றதும் அம்மா கழுவாத பாத்திரத்தைக் கழுவியதோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டாள். ஆரின் சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன். "வரட்டும்" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி குழல். நீ எடுத்துப்போன அப்பாவின் பம்ப் துப்பாக்கியில் இருப்பது வாத்துக் குழல். நீளமானது, நுனி குறுகியது. சிதறு குண்டுக்குச் சரி. மானுக்குப் போடும் ஒற்றை ஈயக் குண்டு, அந்த ஸ்லக், அதில் நேராகப் போகாதென்று நீ எழுதியது உண்மைதான். கடை முதலாளி வில்லிஸிடம் விசாரித்தேன். விசாரித்தேன் என்றால், அவர் வேறு யாருக்கோ விளக்கும்போது அலமாரிக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"பின்னால நிக்கிறது லோர்னாவா, எலியா? எலின்னா பொறி வைக்கணும்" என்றார்.

"நான்தான்."

"அட, எலி பேசுதுப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

மான் குழல் இரண்டு வகை. உள்ளே வழவழப்பாக இருப்பது ஒன்று, திருகு மாதிரிப் புரி வெட்டியது இன்னொன்று. புரிக் குழலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்லக் வேண்டும். விலை அதிகம், ஆனால் பெரிய சோள வயலின் அடுத்த கரை வரை சொன்னபடி போகும். வழவழப்புக் குழலுக்கு வெறும் ஈய ஸ்லக். வேடிக்கை என்னவென்றால், அந்த வெறும் ஈயத்தின் பெட்டியில்தான் 'புரி ஸ்லக்' என்று போட்டிருக்கிறது. அதனால் பாதிப் பேர் மாற்றி வாங்கிப் போய்ச் சண்டைக்கு வருகிறார்கள். டுவெய்ன் பெட்டர்சன் நேற்று வந்து, "எங்க வீட்ல புரி வெட்டினது என் பொண்டாட்டி நாக்கு மட்டுந்தான், குழல் வழவழப்பு" என்றார்.

எல்லோரும் இப்போது புரிக் குழல்தான் வாங்குகிறார்கள். உனக்கும் அதையே சொல்லி வைக்கவா? நமது பன்னிரண்டு கேஜ் அளவுத் துப்பாக்கிக்குச் சரியாகப் பொருந்தும்.

அம்மா உன் குளிர் கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

உன் அன்புத் தங்கை,
லோர்னா


வயோமிங்
அக்டோபர் 12

அன்புள்ள எலிக்குட்டி,

வில்லிஸ் வைத்த பெயர் நன்றாக இருக்கிறது, நானும் எடுத்துக்கொண்டேன்.

புரிக் குழல் வேண்டாம். வழவழப்பானதே வாங்கு. எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. நம் ஓடைப் பள்ளத்தில் எதிர்க்கரை எவ்வளவு தூரம், உனக்கே தெரியும்.

இன்னொன்று. இந்த வருடமும் மானை மேற்கிலிருந்துதான் விரட்டுகிறார்களா? நான் விரட்டுகிறவர்களோடு நடந்து வருகிறேன். சித்தப்பா எங்கே நிற்பார் என்று கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இங்கே காற்று ஓய்வதில்லை. எண்ணெய்க் கிணற்றில் வேலை முடிந்து வந்தால் காதுக்குள் இயந்திரம் ஓடுகிறது. அம்மாவின் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தால் அது நிற்குமோ என்னவோ.

கர்ட்டிஸ்


அயோவா
அக்டோபர் 22

அன்புள்ள அண்ணா,

வழவழப்புக் குழல் சொல்லி வைத்தேன். வில்லிஸுக்கு ஆச்சரியம். "இளவட்டம் எல்லாம் புரிக்குப் பறக்குறாங்க. உங்க அண்ணன் மட்டும் ஏன் பழசே வேணுங்குறான்? குறி தப்பாம இருக்கத்தானே குழல் வாங்குறது?" என்றார். அண்ணனிடம் கேட்கிறேன் என்றேன். நீ சொன்னால் சொல்கிறேன்.

சித்தப்பா ஓடைத் தலைப்பில், அப்பா கடைசியாக நின்ற இடத்தில் நிற்பார். அந்த விபத்துக்குப் பிறகு வேறு யாரையும் அங்கே நிறுத்தியதில்லை. ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல், விரட்டு முடியும்வரை நின்றுவிட்டு வருவார். பெட்டர்சன் சகோதரர்கள், "மான் எல்லாம் ஆரின்கிட்ட நலம் விசாரிச்சிட்டுப் போகுது" என்று கேலி செய்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.

நீ கேட்டதாகச் சொல்லவில்லை. ஏன் சொல்லக்கூடாது அண்ணா? எனக்குச் சரியாகப் படவில்லை.

லோர்னா


வயோமிங்
நவம்பர் 1

லோர்னா,

உனக்குப் பதினாறு ஆகிவிட்டது. சொல்லலாம்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: "சுட்டது என் துப்பாக்கிதான், அண்ணி." என் காதால் கேட்டேன். அம்மா கத்தவில்லை. அவர் தலையில் கை வைத்தாள். மறுநாள் ஷெரிஃபிடம், யார் குண்டு என்று தெரியவில்லை என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள்.

யோசித்துப் பார். அன்று நான் பள்ளத்தின் ஒரு கரையில் நின்றேன். ஒரே ஒரு முறை சுட்டேன், மான் தப்பி ஓடியது. அழுதுகொண்டே சித்தப்பாவிடம் போனேன். சித்தப்பா தான் இரவல் கொடுத்திருந்த சின்னத் துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கி, முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னை வீட்டுக்கு விரட்டினார். அந்தத் துப்பாக்கியை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. வருடம் திரும்புவதற்குள் இங்கே வேலை பார்த்து வைத்து என்னை ஊரைவிட்டே அனுப்பினார். இப்போது அப்பாவின் நிலத்தை உழுகிறார். குற்றவாளி வேறு எப்படி நடந்துகொள்வான்?

ஏன் வழவழப்பு என்று வில்லிஸ் கேட்டாரே. புரிக் குழல் ஈயத்தில் தன் கீறலை விட்டுவைக்கும். வழவழப்பில் போன ஈயம் ஊமை. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லாது. அப்பாவிடமிருந்து எடுத்ததும் ஊமையாகத்தானே இருந்தது?

விரட்டில் விபத்து நடக்கும். நம் ஓடையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது.

குழலை அனுப்பு.

கர்ட்டிஸ்


அயோவா
நவம்பர் 8

அண்ணா,

குழல் வந்துவிட்டது. நான் அனுப்பவில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள், பல்வலி என்றேன்.

கொஞ்சம் பொறு. ஒன்றை நான் பார்க்க வேண்டும்.

லோர்னா


வயோமிங்
நவம்பர் 14

லோர்னா,

பொறுத்தது போதும். குழல் வராவிட்டால் அது இல்லாமலே வருகிறேன். வாத்துக் குழலில் ஸ்லக் நேராகப் போகாது என்பது தூரத்துக்குத்தான். பக்கத்தில் போய்விட்டால் எந்தக் குழலும் ஒன்றுதான்.

அன்று காலை நீ வீட்டிலேயே இரு. ஓடைப் பக்கம் வராதே.

க.


அயோவா
நவம்பர் 19

என் அன்பு அண்ணாவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, கடைசிவரை படி.

ஷெரிஃப் அப்பாவின் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த ஈயத்தையும் சேர்த்தே கொடுத்தார். அம்மா அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கீறல் இல்லாத ஊமை ஈயம் என்று நீ எழுதினாய். கடையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு: கீறல் இல்லாவிட்டாலும் ஈயத்துக்கு எடை இருக்கிறது.

வில்லிஸ் தோட்டா மருந்து நிறுக்கிற சின்னத் தராசில் அதை வைத்தேன். நம் பன்னிரண்டு கேஜ் ஸ்லக் ஒரு அவுன்ஸ். அப்பாவின் ஈயம் முக்கால் அவுன்ஸுக்கும் கீழே நின்றது. பட்டுச் சிதறியதில் குறைந்திருக்கும் என்று நினைத்து, கடைக்குப் பின்னால் குறி பழகும் மண்மேட்டைத் தோண்டி நசுங்கிய பழைய ஸ்லக்குகளை எடுத்தேன். எவ்வளவு நசுங்கியிருந்தாலும் அவ்வளவு குறையவில்லை. "புதையல் எடுக்குறியா எலி?" என்று வில்லிஸ் கேட்டார். பிறகு இருபது கேஜ் ஸ்லக் ஒன்றைத் தராசில் வைத்தேன். கேஜ் எண் ஏறினால் குழல் சிறுக்கும், உனக்குத் தெரியும். முள் அப்பாவின் ஈயம் நின்ற இடத்திலேயே வந்து நின்றது.

அதை எடுத்துக்கொண்டு சித்தப்பாவின் கொட்டகைக்குப் போனேன். அறுவடை இயந்திரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இது இருபது கேஜ்" என்றேன்.

விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "யாரு சொன்னா?"

"தராசு."

"உங்கம்மா டப்பாவ உன்னை யாரு தொறக்கச் சொன்னது, கழுத?" என்று திட்ட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கப்பன் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கல. குளுருதுன்னு, காபி கேக்க பள்ளத்துல எறங்கி என்கிட்ட வந்துட்டிருந்தான். மான் நடுவுல ஓடுச்சு. அவ்வளவுதான்."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"பதினஞ்சு வயசுப் பய, மான் தப்பிச்சிருச்சேன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு வரான். அவன்கிட்ட என்னத்தச் சொல்லுவேன்? துப்பாக்கிய வாங்கி வண்டியில போட்டேன். இங்கயே இருந்தா என்னைக்காவது எவனாவது உளறிருவான்னுதான் தூரமா வேல பாத்துக் குடுத்தேன்."

"அவன் உங்களத்தான் நினைச்சுக்கிட்டிருக்கான்."

"தெரியும். கண்ணப் பாத்தா தெரியாதா? நான் எங்க நிப்பேன்னு கேட்டானா?"

நான் ஈயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"கேட்டிருப்பான். அங்கயேதான் நிப்பேன். நீ வாயத் தொறக்காத, புள்ள. தொறந்தா ஒருத்தரக் காப்பாத்தி இன்னொருத்தனத் தொலச்சிருவ."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. பேசாமல் நின்றேன். அதையே வாக்கென்று எடுத்துக்கொண்டார். நான் எப்போதும் பேசாமல்தானே நிற்பேன்.

அண்ணா, கதவுக்குப் பின்னால் நீ கேட்டது சரி. "சுட்டது என் துப்பாக்கிதான்" என்றுதான் சொன்னார். "சுட்டது நான்" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அன்று ஓடையில் இருந்ததெல்லாம் பன்னிரண்டு. ஒன்றே ஒன்றுதான் இருபது. அது அவருடையது. அவர் இரவல் கொடுத்தது.

யாருக்கு என்று உனக்கே தெரியும்.

இதோடு ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளே மூன்று ஈயம். தோட்டாவைப் பிரித்து எடுத்த புது ஸ்லக் இரண்டு, ஒன்று பன்னிரண்டு, ஒன்று இருபது. மூன்றாவது அப்பாவுடையது. என்னை நம்பாவிட்டால் உள்ளங்கையில் வைத்துப் பார்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். மூவரும் உன்னை வெறுக்கவில்லை. வா. துப்பாக்கி இல்லாமல் வா.

உன் லோர்னா


அயோவா
டிசம்பர் 6

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ தங்கியிருந்த இடத்துக்குத் தொலைபேசினேன். எனக்கு அந்நியரிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நீ அறையைக் காலி செய்துவிட்டதாக ஒரு ஆள் சொன்னார். துப்பாக்கியை விட்டுப்போனானா என்று கேட்டேன். "அத மட்டுந்தாம்மா எடுத்துட்டுப் போனான்" என்றார்.

வேட்டை தொடங்கிய சனிக்கிழமை காலை நானும் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ஓடைத் தலைப்புக்குப் போனேன். சித்தப்பா திட்டினார். நான் நகரவில்லை. தன் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். ஆளுக்கொரு கையுறையோடு நின்றோம். மேற்கே விரட்டுகிறவர்களின் கூச்சல் கேட்டது. மான்கள் எங்களுக்கு மிக அருகில் ஓடின. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. நான் மான்களைப் பார்க்கவில்லை, எதிர்க்கரை மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்தின்மேல் ஒரு வண்டி நின்றிருந்தது. நீல நிறம். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது, புகை தெரிந்தது. கதவு திறக்கவில்லை. சித்தப்பாவும் அதைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, வண்டிக்கு நேராகத் திரும்பி நின்றார். கூச்சல் எங்களை நெருங்கியபோது வண்டி கிளம்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். தபால்தலை இல்லாமல் தீப்பெட்டி இருந்தது. அதற்குள் பன்னிரண்டு இருந்தது. புதிய இருபதும் இருந்தது. அப்பாவுடையது இல்லை.

அம்மாவிடம் காட்டினேன். பொத்தான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "அத அவன் எதுக்குடி எடுத்துட்டுப் போனான்?" என்று என்னையே கேட்டாள். சித்தப்பா அன்று மாலையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றோரச் சாலைகளில் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். பெட்டர்சன் சகோதரர்களும் போயிருக்கிறார்கள். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. ஷெரிஃபிடமும் சொல்லிவிட்டேன், முழுவதையும். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை என்று இரண்டாம் முறையும் சொல்ல வைத்தார்.

உன் முகவரி இல்லாததால் இதைப் பழைய இடத்துக்கே அனுப்புகிறேன்; யாராவது உன்னிடம் சேர்க்கட்டும்.

நீ கேட்ட குழல் இன்னும் கடையில், என் அலமாரிக்குப் பின்னால், தாள் பிரிக்காமல் இருக்கிறது. வேண்டாம் என்றால் வில்லிஸ் திருப்பி எடுத்துக்கொள்வார். வேண்டாம் என்று ஒரு வரி எழுது. வேண்டும் என்று எழுதினாலும் சரி. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

வாசல் விளக்கை அம்மா அணைக்க விடுவதில்லை.

உன் எலிக்குட்டி