அந்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேள்

மேற்குத் தாம்பரம்,
16 பிப்ரவரி 1994

அன்புள்ள தம்பி ஜெயவேலுவுக்கு,

தேவாவின் அம்மா ஞானம்மாள் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நீ அனுப்பிய பார்சல் வந்தது. தேவாவின் வாட்ச், பைபிள், துணிமணி எல்லாம் சரியாக இருந்தன. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து அனுப்பியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். துவைக்காமல் அனுப்பியிருக்கலாம்.

தேவாவின் அடக்கத்துக்கு உன் அம்மா சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்தார். அந்த வாரம் முழுக்க இருந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டார். என் முன்னால் உன் பேரை எடுக்கவே தயங்கினார். நானாகக் கேட்ட பிறகுதான், "ரெண்டு பேரும் ஒண்ணா வெளிநாட்டுக்கு ட்ரெயினிங் போனாங்களேக்கா, வேலுவைத் திரும்பி வரச் சொல்லிடட்டுமா" என்று அழுதார். முடித்துவிட்டே வரட்டும் என்றேன். அவருக்கு அடிக்கடி எழுது. நெஞ்சு வலித்தால் வாயு என்று நீயாக முடிவு செய்யாதே. தேவா அப்படித்தான் நினைத்தான்.

நீங்கள் தங்கியிருக்கும் இடத்து ஸ்டேஷனைப் பற்றி அவன் எழுதியிருந்தான். "நம்ம தாம்பரம் மாதிரி இதுவும் கடைசி ஸ்டேஷன்மா. ஆனா ஒரே பிளாட்பாரம், ஒரே பெஞ்ச். தண்டவாளம் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் நின்றுவிடுகிறது" என்று. அங்கேதானா போக வேண்டும் என் பிள்ளை. ரயிலில் கூட வந்தவர்கள் எல்லாரும் அசதியில் தூங்குகிறான் என்று நினைத்து இறங்கிப் போனார்கள் என்றாய். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

தேவாவின் அப்பா சாப்பிடுகிறார், நடமாடுகிறார். சாயங்காலமானால் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறார். பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டியில் எல்லாரும் இறங்கிய பிறகு பெட்டி பெட்டியாக ஏறிப் பார்க்கிறார். தூங்குகிறவர்களைத் தோளில் தொட்டு, "தம்பி, கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு, எழுந்திருப்பா" என்கிறார். போன வாரம் பிக்பாக்கெட் என்று சந்தேகப்பட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார வைத்துவிட்டார். பக்கத்துத் தெரு சவுரிமுத்து போய் விவரம் சொல்லி அழைத்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் இவர், "தூங்குறான்னுதான் எல்லாரும் நினைச்சுக்குறாங்க, ஞானம். யாராவது தொட்டுப் பார்க்க வேணாமா" என்றார். நான் தடுப்பதில்லை.

கம்பெனியிலிருந்து வந்தவர்கள், தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது, அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று ஆறுதல் சொன்னார்கள். நீ மட்டும்தான் நடந்ததை எழுதினாய். ஸ்டேஷன் மாஸ்டர் தொட்டதும் தேவா கண்ணைத் திறந்தான், ஏதோ சொன்னான், அவருக்குப் புரியவில்லை, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையை விடாமல் பிடித்திருந்தார் என்று. அதை எழுதியதற்காக வருத்தப்படாதே.

எனக்கு ஒரு உதவி செய். அந்த மனிதரைப் போய்ப் பார். நாங்கள் இரண்டு பேரும் கும்பிட்டதாக அவர் பாஷையில் சொல். பிறகு, தேவா கடைசியாகச் சொன்னதைக் காதில் விழுந்த மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டச் சொல். அரைகுறையாக இருந்தாலும் நீ திருத்தாதே. அவர் வாயில் வருகிற சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. அவன் மழலை பேசினபோது கூட இருந்தவள் நான். எனக்குப் புரிந்துவிடும்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக உன் அம்மாவிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
தேவாவின் அம்மா
ஞானம்மாள்